பொன்னாடைக்கு அடியில்

அந்த ஆளுடைய விரல் பதிலே சொல்லவில்லை. பொன்னுரங்கத்துக்கு அதுதான் உறுத்தியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை, கையை உதறியிருந்தாலும் சரி, ஏதோ ஒரு பதில். செத்த மீனைப் பிடித்த மாதிரி சில்லென்று கிடந்தது அந்தக் கை. தாவரவியல் துறைக் கூடத்தில், கடைசிக்கு முந்தின வரிசையில், ஏசிக் காற்று நேராகப் பிடரியில் இறங்குகிற நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் பொத்தி மடியில் வைத்திருந்தார், அடிபட்ட கோழிக்குஞ்சைப் பொத்துகிற மாதிரி. எதிரே, வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில், அவர் மகள் தமயந்தி நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. இத்தனை வருஷம் வேரைப் பற்றி அவள் செய்த ஆராய்ச்சியை ஊரறியச் சொல்லிக் காட்ட வேண்டும், வெளியூரிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர் சரியென்று கையெழுத்துப் போட்டால் டாக்டர் பட்டம். அந்தத் தேர்வாளர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டிருக்கிறார். பெயர் குலசேகரன், ஐதராபாத்தில் பேராசிரியர், பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். அவருடைய கைதான் அந்தக் கை. அந்தக் கைக்குள்தான் இன்று காலை ரயில்வே ஸ்டேஷனில், பொன்னாடைக்கு அடியில், பொன்னுரங்கம் தன் மோதிரத்தைக் கழற்றி அழுத்திவிட்டார். இப்போது அந்த மனுஷன் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பெண்ணின் அப்பா எனக்கு லஞ்சம் கொடுத்தார் என்று. அவ்வளவுதான். அவள் படித்த படிப்பு, விழித்த ராத்திரி, எல்லாம் தரையில் கொட்டிய பால்.

வேண்டாமென்றுதான் சொன்னாள் தமயந்தி. ஸ்டேஷனுக்கு டிபார்ட்மெண்ட் ஆள் போவாங்கப்பா, நீங்க பேசாம வந்து உட்காருங்க போதும் என்றாள். கேட்டாரா? நம்ம வீட்டு விசேஷத்துக்கு வர்ற மனுஷனை எவனோ போய்க் கூட்டிவருவானா என்று குதித்தார். விசேஷம்தானே. தேர்வுக்கு நிற்கிற பிள்ளை வீட்டார்தான் அன்றைக்கு எல்லாருக்கும் டீ, சமோசா, மத்தியானம் பிரியாணி ஏற்பாடு செய்வது இந்தத் துறையில் வழக்கம் என்று அவளே சொன்னாள். சமையல்காரனோடு மட்டன் எத்தனை கிலோ என்று சண்டை போட்டது அவர், கூடத்துக்கு வாழைமரம் கட்டலாமா என்று கேட்டு மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவர். அந்த மிதப்பில் காரை எடுத்துக்கொண்டு போனார். சத்தியமாக எதையும் மனசில் வைத்துக்கொண்டு போகவில்லை. சத்தியமாகவா? சரி, கொஞ்சம் இருந்திருக்கும், அடியில் எங்கோ. பிளாட்பாரத்தில் அந்த மனுஷன் ஒரு சின்னப் பையோடு இறங்கினார். கண்ணாடிக்குள் கண், எதைப் பார்க்கிறதென்றே தெரியாத கண். இந்த மாதிரிக் கண்ணுள்ள ஆளிடம் மாடு விற்பது கஷ்டம் என்று தோன்றியது. பொன்னாடையைப் பிரித்துத் தோளில் போர்த்தினார். போர்த்திய துணி இருவர் கைமேலும் விழுந்தது. அவ்வளவுதான் தெரியும். அப்புறம் செய்ததெல்லாம் கை. துணி விழுந்தால் அடியில் என்ன செய்ய வேண்டுமென்று அந்தக் கைக்குத் தெரியும், இவரைக் கேட்கவே கேட்காது. மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகராக வாலிபம் பூராவும் அதைத்தானே செய்தார். விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் துண்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு, வாய் மழையைப் பற்றிப் பேச, விரல் விலை பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு விலை, நகத்தால் கீறினால் அதில் பாதி. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எதிராளி இறங்கி வருகிறானா, முரண்டு பிடிக்கிறானா, உள்ளுக்குள் பயந்திருக்கிறானா, எல்லாம் அவன் விரல் சொல்லும். பிடிக்கவில்லையென்றால் உன் விரலை அப்படியே மடக்கி மூடி விட்டுவிடுவான், உன் கை உன்னோடு என்று. அதுவும் பதில்தான், அதில் கோபமில்லை. ஆனால் இந்த ஆள்? கட்டை விரல் மோதிரத்தைத் தள்ளித் தள்ளி அவர் உள்ளங்கையில் இறக்கியபோது, ஐயா கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க, ஒரே பொண்ணு என்று வாய் வேறு சொல்லித் தொலைத்தது. அந்த விரல்கள் அசையவில்லை. கை அப்படியே பேண்ட் பைக்குள் போயிற்று. காரில் வரும்போது வயலைப் பார்த்து, இங்கெல்லாம் இப்ப என்ன போடுறாங்க என்று மட்டும் கேட்டார். சோளம்ங்க என்றார் இவர். அதோடு சரி.

"உங்க மோதிரம் எங்க?" என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்து அஞ்சலை. அவருடைய மனைவி. மேடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், உதடு அசையாமல். குளிக்கும்போது கழட்டி வச்சேன் என்றார். "சோப்பு போட்டாலும் வராதுன்னு பத்து வருஷமா சொன்னீங்க. இன்னிக்கு வந்துருச்சா" என்றாள். சரியான சந்தைக்காரி, இவரைவிடப் பெரிய தரகுக்காரி. விரலில் மோதிரம் இருந்த இடம் வெளிறிப்போய், சுற்றிலும் ஒரு பள்ளம், கட்டிப்போட்ட மாட்டின் கழுத்தில் கயிறு தேய்ந்த தடம் மாதிரி. காலையில் அது எப்படி வந்தது? வியர்வையா, பயமா, எண்ணெய் விட்டது போல் வழுக்கிக்கொண்டு வந்தது. அதுவே வேண்டாமென்று ஓடியிருக்கும். வாங்கி மாட்டிய நாளில் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தவர்தான். சாணி அள்ளிய கை, சாட்டைக் கம்பால் அடி வாங்கிய கை, இப்போது பார் என்று. அந்தத் தரகிலிருந்து உரக்கடைக்கு வந்து, கடை இரண்டாகி, வாடா போடா என்றவனெல்லாம் அண்ணாச்சி என்று சொல்ல வைத்த கை. யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. எல்லாம் பிடித்து, திருகி, இறங்கவைத்து வாங்கியது. அது ஒரு குற்றமா? குற்றமில்லை. வெளிறிய இடத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். திரையில் ஒரு படம் வந்தது. கண்ணாடித் தட்டில் நிறுத்தி வளர்த்த சின்னச் செடி, கடுகுச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. கீழே வெள்ளை நூலாக வேர். மண் இல்லை. ஜெல்லி மாதிரி ஏதோ ஒன்றில் வளர்க்கிறார்கள், வேர் என்ன செய்கிறதென்று பார்ப்பதற்கு. வேரை அப்படி வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பது அவருக்கு எப்போதுமே சங்கடமாக இருந்தது, குளிக்கிறவளைப் பார்க்கிற மாதிரி.

இங்கிலீஷ் அவருக்கு எட்டாது. ஆனால் இந்தப் படமெல்லாம் தெரியும். லீவுக்கு வரும்போது தமயந்தி சோற்றைப் பிசைந்துகொண்டே ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லியிருக்கிறாள். நீங்க யூரியா விக்கிறீங்கல்லப்பா, அது மண்ணுல போய்க் கடைசியா நைட்ரேட் ஆகும், அந்த நைட்ரேட் எங்க இருக்குன்னு வேருக்கு எப்படித் தெரியும், அதுக்குக் கண்ணா இருக்கு? இல்லை. வேரின் தோலில் ஒரு கதவு இருக்கிறதாம், நைட்ரேட் உள்ளே போகிற கதவு. அந்தக் கதவேதான் நாக்கும். உள்ளே விடுகிறபோதே எவ்வளவு இருக்கிறதென்று ருசி பார்த்துச் சொல்லிவிடும். சொன்ன கொஞ்ச நேரத்துக்குள், செல்லுக்கு உள்ளே, நடுவில், மரபணு இருக்கிற இடத்துக்குச் சேதி போய், நூற்றுக்கணக்கான மரபணு விழித்துக்கொள்ளும். இங்கே சத்து இருக்கிறது, கிளை விடு. இங்கே இல்லை, சும்மா கிட, வளர்கிற சத்தை வீணாக்காதே. அதனால் மண்ணில் எந்தப் பக்கம் சத்து இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் வேர் தாடி மாதிரி அடர்ந்துபோகும். கேட்டுவிட்டு இவர் சொன்னார், அப்ப வேரும் துண்டு போட்டுத்தான் பேசுது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு! புரை ஏறித் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. மறுநாளே ஹெலன் மேடத்துக்கு, அவளுடைய வழிகாட்டிக்கு, போன் பண்ணி எங்கப்பா இப்படிச் சொல்றாரு என்று சொன்னாள். அவருக்கு நெஞ்சு விம்மியது. கடையில் வருகிறவனிடமெல்லாம் சொன்னார், சும்மா அள்ளிக் கொட்டாத, மண்ணு பூராச் சத்து கெடந்தா வேர் சோம்பேறியாப் படுத்துக்கும், என் பொண்ணு சொல்லுது என்று. யூரியா விற்கிறவனே இப்படிச் சொன்னால் எவன் வாங்குவான் என்று அஞ்சலை கேட்டாள். இப்போது அதெல்லாம் நினைத்தால் கூசுகிறது. துண்டு போட்டுப் பேசுது. அவள் அதை ஒரு அழகாக எடுத்துக்கொண்டாள். இவர் அதையே போய் அவளுடைய தேர்வாளர் கையில் செய்திருக்கிறார்.

அடுத்த படம். இது எது? நாக்கை எடுத்த செடி. அந்தக் கதவைச் செய்கிற மரபணுவைக் கெடுத்து வளர்த்த செடி அது, தெரியும், இந்தப் படத்துக்குத்தான் வருஷக்கணக்காக அலைந்தாள். தட்டின் ஒரு பட்டையில் மட்டும் நைட்ரேட் வைத்திருக்கிறார்கள். நல்ல செடியின் வேர் அந்தப் பட்டைக்குள் போனதும் புதராகிவிட்டது. நாக்கில்லாதது சோறு இருப்பதே தெரியாமல் அந்தப் பட்டையைத் தாண்டிப் போயிற்று, ஒரு கிளைகூட விடாமல். பாவம்டி அது என்று சொன்னார் அன்றைக்கு. பக்கத்துல இருந்தும் தெரியலை பாரு. அப்போது அவள் சிரிக்கவில்லை, சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் நினைவு வந்திருக்கும். பத்தாம் வகுப்பு. அந்தச் சனியனை ஏன் இப்போது நினைக்க வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த வாத்தியாருக்கு இரண்டு நாட்டுக்கோழியும் ஒரு சாக்கு தேங்காயும் அனுப்பினார். எல்லாரும் செய்கிறதுதான். அவளுக்குத் தெரியாமல்தான் அனுப்பினார். கோழி பள்ளிக்கூட வராந்தாவில் கட்டு அவிழ்த்துக்கொண்டு, பிள்ளைகளெல்லாம் துரத்திப் பிடித்து, யாருடையது யாருடையது என்று கேட்க, உரக்கடைக்காரருடையது என்று எவனோ கத்தியிருக்கிறான். முழு மார்க் வந்தது. வீட்டில் லட்டு வாங்கி வைத்தார். அவள் லட்டைத் தொடவில்லை. "இந்த மார்க்ல எவ்வளவுப்பா என்னுது?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, கடையில் நின்று எடை கேட்கிற மாதிரி. இவர் கையை ஓங்கிவிட்டார். படிச்ச திமிரா, நான் நாயா அலையுறது யாருக்கு என்று கத்தினார். லட்டுத் தட்டு முற்றத்தில் போய் விழுந்தது. ஓங்கிய கை இதே கைதான். அப்புறம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்காமலே எல்லாத் தேர்வையும் எழுதினாள், ஒவ்வொரு தேர்வுக்கும் எந்த ஊர், எந்தக் காலேஜ் என்பதைக் கடைசி நேரம்வரை வீட்டில் சொல்லாமல். அவளுக்கு மறதி என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஏசி பிடரியில் விழுந்தது. மறதியா?

கைத்தட்டல். முடித்துவிட்டாள். ஹெலன் மேடம் எழுந்து, தேர்வாளரைப் பார்த்து ஏதோ சொல்ல, குலசேகரன் நாற்காலியிலிருந்து எழுந்தார். பொன்னுரங்கத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. சட்டைக்குள் வியர்வை முதுகுத்தண்டில் ஓடையாக இறங்கியது, இத்தனை ஏசியிலும். அவர் கேட்கிறார், இவள் சொல்கிறாள். மறுபடி கேட்கிறார். கையை அசைத்துக் கேட்கிறார், அந்தக் கையில் மோதிரம் இல்லை. சட்டைப் பையில் இருக்குமா? மேசைமேல்? பேண்ட் பை உப்பியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். அஞ்சலை தொடையில் கிள்ளினாள். ஒரு செடியின் வேரை இரண்டாகப் பிரித்து இரண்டு தொட்டியில் விட்ட படத்தைக் காட்டச் சொல்கிறார். அது தெரியும். ஒரு தொட்டியில் சத்து, ஒன்றில் பட்டினி. பட்டினி கிடக்கிற வேர் மேலே இலைக்குச் சேதி அனுப்பும், நான் காய்கிறேன் என்று. இலை அந்தச் சேதியை வாங்கி, மறுபக்கத்து வேருக்குச் சொல்லும், நீ கூடுதலாக எடு என்று. பட்டினி கிடந்தது ஒன்று, பறிப்பது இன்னொன்று. தானும் அப்படித்தானே, எங்கோ எப்போதோ பட்டினி கிடந்தவன் அனுப்பிய சேதி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, அவன் எழுந்து சாப்பிட்டுவிட்டு வருஷங்களாயிற்று, இன்னும் எடு எடு என்று… என்ன இது, தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொள்கிறோமா? செய்தது செய்ததுதான். திடீரென்று குலசேகரன் திரும்பினார். முழுக் கூடத்தையும் தாண்டி நேராக இவரைப் பார்த்தார். ஃபாதர் என்ற ஒரு சொல் காதில் விழுந்தது. அதோடு கூடம் கொல்லென்று சிரித்தது.

போச்சு. சொல்லிவிட்டான். எழுந்து ஓடலாமா என்று கால் துடித்தது. எழுந்தால் மகளைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் குனிந்துகொண்டார், வெளிறிய விரலைப் பார்த்தார். அவன் சட்டையைப் பிடித்து, நீ ஏன்டா அங்கேயே திருப்பித் தரலை என்று கேட்கவும் ஒரு வெறி வந்தது, வந்த வேகத்தில் நுரை மாதிரி அடங்கியது. எந்த வாயால் கேட்பது. அஞ்சலை முன்வரிசைப் பெண்ணிடம் குனிந்து, என்னம்மா சொன்னாரு என்று விசாரித்துவிட்டு இவர் காதில் சொன்னாள். "அப்பா யூரியா விக்கிறாராமே, பொண்ணு வேருக்குத் தேவை கம்மின்னு சொல்லுது, வீட்டுல சோறு கிடைக்குதாம்மான்னு கேட்டாராம்." இவருக்கு மூச்சு வந்தது. "அதுக்கு அவ என்ன சொன்னா?" என்று கேட்டார். "இந்த ஆராய்ச்சி அந்தக் காசுலதான் சார் வளர்ந்துச்சு, ஆனா வேர் வேறன்னு சொல்லிச்சாம்" என்றாள் அஞ்சலை. அவளுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. இவருக்கு எலும்புக்குள் போயிற்று. வேர் வேற. மகள் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நடுக்கமே இல்லை. பயமில்லாத முகம். அது எப்படி? தேர்வில் நிற்கிற பிள்ளைக்குக் கொஞ்சமாவது பயம் இருக்காதா? எதையோ ஏற்கெனவே தாண்டி வந்துவிட்ட முகம்.

கையெழுத்தானது. ஹெலன் மேடம் மைக்கில் சொன்னார், டாக்டர் தமயந்தி பொன்னுரங்கம் என்று. அவர் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டு வந்ததைக் கேட்டபோது தலை இன்னும் தாழ்ந்தது. அப்புறம் பொன்னாடை. தேர்வாளருக்கு ஒன்று, வழிகாட்டிக்கு ஒன்று, எல்லாம் இவர் வாங்கி அனுப்பியதுதான். பச்சையில் ஒன்று மிஞ்சியிருந்தது. தமயந்தி அதை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள், வரிசை வரிசையாகத் தாண்டி. அப்பாவுக்குத்தான் என்று எல்லாரும் திரும்பிக் கைதட்டினார்கள். வேண்டாம்மா, எனக்கெதுக்கு என்று குழறினார். அஞ்சலை எழுந்திருங்க என்று முதுகில் குத்தினாள். எழுந்தார். துணி தோளில் விழுந்தது, முன்பக்கம் சரிந்து இருவர் கைமேலும் விழுந்தது. துணிக்கு அடியில் அவள் கை அவர் வலது கையைத் தேடிப் பிடித்தது. உள்ளங்கையில் ஏதோ சில்லென்று விழுந்தது. கண்ணால் பார்க்காமலே தெரிந்தது, அந்தப் பள்ளத்துக்கு உரிய வளையம். போட்டோ எடுக்கிறவன் இங்க பாருங்க சார் என்றான். அவள் சிரித்தபடி கேமராவைப் பார்த்துக்கொண்டே, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"காலைல சாருக்கு டீ குடுக்கும்போது நானாத்தான்ப்பா கேட்டேன். அப்பா ஏதாச்சும் குடுத்தாராங்க சார்னு. பேசாம எடுத்துக் குடுத்தாரு. அதுக்கப்புறம்தான் மேடை ஏறுனேன்."

அந்த ஆள் சொல்லவில்லை. அவளே கேட்டிருக்கிறாள். கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது, துணிக்கு அடியில், இத்தனை வருஷமாக. சந்தையில் எவனும் அவரை இப்படிப் படித்ததில்லை. சின்னப் பிள்ளையில் மடியில் வைத்துக்கொண்டு விரல் பிடித்து விலை சொல்ல அவளுக்குப் பழக்கியது இவர்தான். அந்தப் பிஞ்சு விரல் இப்போது நீளமாக, கெட்டியாக, அவர் சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மடக்கியது. மோதிரத்தின் மேல் மடக்கி, மூடி, ஒருமுறை அழுத்தி, விட்டது. உன் கை உன்னோடு.

"இந்தத் தடவை எல்லாமே என்னுதுப்பா" என்றாள். கேமரா மின்னியது.

பிரியாணி பரிமாறினார்கள். இலைக்கு முன்னால் உட்காரவைத்து, பொன்னாடையைக் கழட்டுங்க அண்ணாச்சி, கறிக்குழம்பு பட்டுரும் என்று யாரோ உபசரித்தார்கள். எதிர் வரிசையில் குலசேகரன் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார், சாதாரண மனுஷர் மாதிரி. பசிக்கலையா என்று அஞ்சலை கேட்டாள். பசித்தது. பொன்னாடைக்கு அடியில் அந்தக் கை மூடியபடியே இருந்தது. அதை வெளியே எடுத்தால்தான் சாப்பிட முடியும்.